சொதியும் 50 எம்எம் லென்ஸும்

அம்மா சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பு வைப்பதை ஒருமுறை ஒழுங்காக வீடியோ எடுத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த 50 எம்எம் லென்ஸை வாங்கினேன். கேமரா வாங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. கூடவே வந்த 18-55 கிட் லென்ஸைப் பற்றி யூடியூபில் ஒருவர் பாக்கியில்லாமல் திட்டியிருந்தார்கள். முதலில் அதைத் தூக்கி ஓரமாகப் போடு, எஃப் 1.8 உள்ள ஒரு 50 வாங்கு, பின்னணி எல்லாம் வெண்ணெய் மாதிரி உருகும் என்றார்கள். நானும் நம்பி, பொங்கல் லீவுக்குப் பாளையங்கோட்டைக்குப் போகும்போது பையில் புது லென்ஸோடு போனேன்.

எங்கள் வீட்டு அடுப்படி எட்டடிக்கு ஏழடி. ட்ரைபாடை விரித்து, கிரைண்டரில் முதுகு இடிக்க நின்று பார்த்தால், அம்மாவின் முகம் தெரிகிறது, அடுப்பு தெரியவில்லை. கேமராவைக் கீழே சாய்த்தால் சட்டி தெரிகிறது, அம்மாவுக்குத் தலை இல்லை. பின்னால் போக இடமில்லை, சுவர். கதவைத் திறந்து வெளியே போனால் நிலைப்படி குறுக்கே வருகிறது. "ஏல, படம் எடுக்கியா, இல்ல கிரைண்டரத் தள்ளுதியா?" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான்.

இது கேமராவின் கோளாறில்லை, லென்ஸின் கோளாறும் இல்லை, வெறும் கணக்கு. அந்தக் கணக்கை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்குப் பணம் மிஞ்சியிருக்கும், அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். பொருளுக்கும் கேமராவுக்கும் உள்ள தூரத்தை லென்ஸின் ஃபோகல் லெங்த்தால் (50 எம்எம் என்கிறோமே, அந்த எண்) வகுத்து, சென்சாரின் (கேமராவுக்குள் படம் வந்து விழும் சில்லு) அகலத்தால் பெருக்கினால், அந்தத் தூரத்தில் ஃபிரேமுக்குள் எவ்வளவு அகலம் அடங்கும் என்பது ஏறக்குறைய வந்துவிடும். என் கேமராவில் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார், அகலம் 23.5 மில்லிமீட்டர். அம்மா நின்றது இரண்டு மீட்டரில், அதாவது 2000 மில்லிமீட்டர். 50 ஆல் வகுத்தால் 40, அதை 23.5 ஆல் பெருக்கினால் 940. ஆக 94 சென்டிமீட்டர் அகலம். வீடியோ 16:9 என்பதால் உயரம் 53 சென்டிமீட்டர்தான். அம்மாவின் உச்சந்தலையிலிருந்து அடுப்பு மேடை வரை எப்படியும் அறுபது எழுபது சென்டிமீட்டர் இருக்கும். எத்தனை முறை ட்ரைபாடை நகர்த்தினாலும் 53-க்குள் 70 போகாது.

அப்படியானால் யூடியூபில் 50 வாங்கச் சொன்ன ஆளுக்கு மட்டும் எப்படிச் சரியாக வந்தது? அவர் கையில் இருந்தது ஃபுல் ஃபிரேம், சென்சார் அகலம் 36 மில்லிமீட்டர். அதே 50, அதே இரண்டு மீட்டர், ஆனால் அவருக்கு 1.44 மீட்டர் அகலம், 81 சென்டிமீட்டர் உயரம் கிடைக்கும். அம்மாவும் அடுப்பும் இரண்டுமே அடங்கும். அவர் பொய் சொல்லவில்லை, கையில் இருப்பது என்ன சென்சார் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார், அவ்வளவுதான். ஃபுல் ஃபிரேமைவிட ஒரு சென்சார் எத்தனை மடங்கு சின்னது என்பதைத்தான் கிராப் ஃபேக்டர் என்கிறார்கள். ஏபிஎஸ்-சி என்றால் 1.5 (கேனானில் 1.6), இன்னும் சின்னதான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் என்றால் 2. ஏபிஎஸ்-சியில் 50 போட்டால் அது "75 ஆகிவிடும்" என்று பேச்சுவழக்கில் சொல்வார்கள். லென்ஸ் எதுவும் ஆவதில்லை, அது எந்தக் கேமராவில் மாட்டினாலும் 50 தான். பெரிய கோலத்தின் நடுவில் இருக்கும் நாலு புள்ளியை மட்டும் வெட்டி எடுத்துப் பார்ப்பது மாதிரி, சின்ன சென்சார் அந்தப் படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. போதாக்குறைக்குச் சில கேமராக்கள் 4கே வைத்தால் இன்னும் கொஞ்சம் வெட்டும். வாங்கும் முன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கிட் லென்ஸே கதி என்று 18-இல் மாட்டினேன். இரண்டு மீட்டரில் 2.6 மீட்டர் அகலம் வருகிறது, அடுப்படியே அடங்கிவிட்டது. ஆனால் எண்ணெய் டின், சிலிண்டர், பழைய காலண்டர், துணி உலர்த்தும் கயிறு எல்லாம் சேர்ந்து அடங்கிவிட்டன. அம்மா அதில் ஒரு மூலையில் சின்னதாக நிற்கிறாள். முகம் பெரிதாக வேண்டும் என்று கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கைத் தூரத்துக்கு நெருங்கினேன். அன்று சாயங்காலம் டிவியில் போட்டுக் காட்டியபோது அம்மா சொன்ன ஒரே விமர்சனம்: "எம் மூக்கு ஏன்ல இப்படி இருக்கு?"

வைட் லென்ஸ் (18 மாதிரி சின்ன எண்) மூக்கைப் பெரிதாக்கும் என்று எல்லோரும் சொல்வோம். உண்மையில் பெரிதாக்குவது லென்ஸ் இல்லை, தூரம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் ஒரு 12 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா மூக்கிலிருந்து 40 சென்டிமீட்டரில் இருந்தால் காது 52 சென்டிமீட்டரில் இருக்கிறது. அதாவது காதோடு ஒப்பிட்டால் மூக்கு 30 சதவீதம் பெரிதாக விழும். இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் 200-க்கு 212, வித்தியாசம் ஆறே சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. வைட் லென்ஸ் செய்கிற குற்றம் ஒன்றுதான், முகத்தைப் பெரிதாகக் காட்ட வேண்டுமென்றால் நம்மைக் கிட்டே இழுத்துப் போய்விடுகிறது. டெலி லென்ஸ் (பெரிய எண்) நம்மைத் தள்ளி நிறுத்துகிறது. ஆகவே எந்த லென்ஸ் வாங்குவது என்று யாராவது என்னிடம் கேட்டால், நீங்கள் எங்கே நிற்கப் போகிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன். பலருக்கு இது எரிச்சலாக இருக்கிறது. பட்ஜெட் என்ன என்று கேட்பேன் என எதிர்பார்த்து வந்திருப்பார்கள்.

இப்போது அந்த வெண்ணெய்க்கு வருவோம். எஃப் 1.8 என்பதில் உள்ள 1.8 என்ன? ஃபோகல் லெங்த்தை அதால் வகுத்தால் லென்ஸின் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று வரும். 50-ஐ 1.8 ஆல் வகுத்தால் 28 மில்லிமீட்டர் வாய், 16 ஆல் வகுத்தால் மூன்று மில்லிமீட்டர் சொச்சம். எண் சிறிதானால் வாய் பெரிது, இவ்வளவுதான் அதில் உள்ள குழப்பம். 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகிற வரிசையில் ஒவ்வொரு படி ஏறும்போதும் வெளிச்சம் பாதியாகும். வாய் பெரிதாக இருந்தால் வெளிச்சம் நிறைய வரும், கூடவே ஃபோகஸ் நிற்கிற ஆழம் குறையும். எவ்வளவு குறையும் என்பதை யாரும் சென்டிமீட்டரில் சொல்வதில்லை. என் 50-ஐ எஃப் 1.8-இல் வைத்து ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ் செய்தால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் ஆறு சென்டிமீட்டர். கண் தெளிவு, காது கலங்கல். ஃபோட்டோவில் இது அழகு, ஏனென்றால் ஒரே நொடி. வீடியோவில் ஆள் அசைவார். கரண்டியை எடுக்கக் கை நீட்டினால் ஆறு சென்டிமீட்டர் போச்சு. எஃப் 4-இல் அதே தூரத்தில் சுமார் 14 சென்டிமீட்டர் கிடைக்கும், 5.6-இல் 19. சமைக்கிற ஆளை எடுக்க இதுதான் நிம்மதி.

இது புத்தியில் ஏறுவதற்கு எனக்கு ஒரு சட்டி சொதி செலவானது. திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்கு: சொதி என்பது கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் வருகிற, தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டுச் செய்கிற குழம்பு. மூன்றாம் பாலில் காய் வேகும், இரண்டாம் பால் சேரும், கடைசியில் கெட்டியான முதல் பாலை ஊற்றிக் கொதிக்க விடாமல் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். ஆக முதல் பால் ஊற்றுவது ஒரே ஒரு தடவை, பத்து விநாடி விவகாரம். முழு வீடியோவுமே அந்தப் பத்து விநாடிக்காகத்தான். நான் 50-ஐ எஃப் 1.8-இல் வைத்து, சட்டிக்குக் கிட்டே ஆட்டோஃபோகஸ் போட்டுக் காத்திருந்தேன். அம்மா பாத்திரத்தைச் சாய்த்தாள். வெள்ளைச் சொதியில் வெள்ளைப் பால் விழுகிறது, மேலே ஆவி. ஆட்டோஃபோகஸ் பிடித்துக்கொள்ள ஒரு கோடு, ஒரு விளிம்பு, ஒரு நிற வேறுபாடு வேண்டும். அங்கே எதுவுமில்லை. லென்ஸ் முன்னே ஓடியது, பின்னே ஓடியது, ஆவியைப் பிடித்தது, அதை விட்டு அம்மாவின் வளையலைப் பிடித்தது, அதையும் விட்டது. கடைசியில் சரியாகப் பிடித்து நின்றபோது அம்மா அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை ஊற்று என்று கேட்கவா முடியும்?

அப்புறம் ஒலியைக் கேட்டால் இன்னொரு அதிர்ச்சி. கேமராவின் சொந்த மைக்கில், சொதி வாசனையைத் தவிர எல்லாம் பதிவாகியிருந்தது, முக்கியமாக லென்ஸ் மோட்டாரின் கர்ர்ர், கர்ர்ர். ஃபோட்டோவுக்காகச் செய்யப்பட்ட பழைய வகை மோட்டார்கள் வேகமாகப் பிடிப்பதைத்தான் பார்க்கும், சத்தத்தைப் பற்றி அவற்றுக்குக் கவலை இல்லை. ஸ்டெப்பிங் மோட்டார், லீனியர் மோட்டார் என்று போட்டிருக்கும் பிற்காலத்து லென்ஸ்கள் இதில் எவ்வளவோ அமைதி.

இப்படி, ஃபோட்டோவில் கண்ணுக்கே படாத சில குணங்கள் வீடியோவில் பல்லைக் காட்டும். கிட் லென்ஸில் 3.5-5.6 என்று எழுதியிருக்கும், பார்த்திருப்பீர்கள். 18-இல் எஃப் 3.5 வரை திறக்கும், 55-க்கு ஜூம் செய்தால் 5.6-க்கு மேல் திறக்காது. ஃபோட்டோவில் இது ஒரு விஷயமே இல்லை. வீடியோ ஓடும்போது ஜூம் செய்தால் நடுவில் படம் படிப்படியாக இருண்டுகொண்டே போகும், யாரோ டியூப் லைட்டுகளை ஒவ்வொன்றாக அணைப்பது போல. இதைத் தவிர்க்க ஜூம் முழுக்க ஒரே எஃப் எண் வைத்திருக்கும் லென்ஸ்கள் உண்டு, 2.8 அல்லது 4, ஆனால் எடையும் விலையும் அதற்கேற்ப. எனக்குக் கிடைத்த இலவச வழி: கிட் லென்ஸை 5.6-இலேயே வைத்துவிடுவது. எந்தப் பக்கம் ஜூம் செய்தாலும் மாறாது. அதைவிட நல்ல வழி, வீடியோ ஓடும்போது ஜூமே செய்யாமல் இருப்பது.

இன்னொன்று, ஃபோகஸை முன்னால் இருப்பதிலிருந்து பின்னால் இருப்பதற்கு மாற்றும்போது ஃபிரேமே கொஞ்சம் சுருங்கி விரியும், லென்ஸ் மூச்சு விடுவது போல. பிரீதிங் என்றே அதற்குப் பெயர். ஜூம் செய்தால் ஃபோகஸ் நகர்ந்துவிடும் லென்ஸ்கள், செய்தாலும் நகராத லென்ஸ்கள் என்றும் இரண்டு வகை இருக்கிறது. பெரும்பாலான ஃபோட்டோ ஜூம்கள் நகரும் சாதி. சினிமா லென்ஸ்களின் விலையைப் பார்த்து ஏன் இவ்வளவு என்று வாய் பிளப்போமே, அதில் ஒரு பங்கு இந்த மாதிரி சமாசாரங்களைச் சரிசெய்வதற்குத்தான் போகிறது. அவற்றில் எஃப் எண்ணுக்குப் பதிலாக டி எண் போட்டிருக்கும். எஃப் என்பது கணக்கில் வருகிற எண், டி என்பது கண்ணாடிகளைத் தாண்டி உண்மையில் வந்து சேர்ந்த வெளிச்சத்தை அளந்து எழுதிய எண். லென்ஸை மாற்றி மாற்றி எடுக்கும்போது ஷாட்டுக்கு ஷாட் வெளிச்சம் ஒத்துப்போக வேண்டும் என்பவர்களுக்கு அது தேவை. நமக்கு இப்போதைக்கு வேண்டாம்.

வெளியே போனால் வேறு வகைத் தலைவலி. வீடியோவில் ஷட்டர் வேகத்தை ஃபிரேம் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கில் வைப்பது வழக்கம், 25 ஃபிரேம் என்றால் 1/50. அசைவு இயல்பாகத் தெரியும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50 அல்லது 1/100 வைத்தால் டியூப் லைட் மினுக்கலும் வராது. ஆனால் காலை பதினொரு மணி வெயிலில் வாசல் கோலத்தை ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) 100, ஷட்டர் 1/50 வைத்து எடுக்க வேண்டுமானால் லென்ஸை எஃப் 22 அளவுக்கு மூட வேண்டும். எஃப் 1.8-இல் வெண்ணெய் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஏழு படிக்கும் மேல் வெளிச்சம் அதிகம், கோலமே தெரியாது, வெறும் வெள்ளை. இதற்குத்தான் எண்டி ஃபில்டர், லென்ஸுக்கு ஒரு கூலிங் கிளாஸ். எண்டி 8 மூன்று படி குறைக்கும், எண்டி 64 ஆறு படி. திருகித் திருகி இருட்டைக் கூட்டும் வேரியபிள் வகை வசதிதான், ஆனால் மலிவானதைக் கடைசி வரை திருகினால் படத்தின் குறுக்கே எக்ஸ் மாதிரி ஒரு கறுப்பு நிழல் விழும். லென்ஸுக்கு லென்ஸ் முன்பக்க விட்டம் மாறும் என்பதால் உங்களிடம் இருப்பதிலேயே பெரிய விட்டத்துக்கு ஒரு ஃபில்டர் வாங்கி, மற்றவற்றில் அதை மாட்ட ஸ்டெப்-அப் ரிங் என்ற இணைப்பு வளையம் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் எல்லா அளவிலும் ஒவ்வொன்று வாங்கிய அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்த லீவிலேயே மாமா வீட்டுக்குப் போனபோது பரணிலிருந்து ஒரு தோல் பையை இறக்கிக் கொடுத்தார். "மாப்ளே, இது ஒனக்கு ஒதவுமான்னு பாரு." உள்ளே ஒரு ஜெனிட் கேமரா, அதில் ஹீலியோஸ் 44-2 என்ற லென்ஸ், 58 எம்எம், எஃப் 2. சோவியத் காலத்துச் சரக்கு, கையில் வைத்தால் படிக்கல் மாதிரி. இதை என் மிரர்லெஸ் கேமராவில் மாட்ட முடியுமா என்று தேடினால், முடியும் என்பது மட்டுமில்லை, ரொம்பச் சுலபம். பழைய எம்42 மவுண்டில் (லென்ஸ் மாட்டும் வளையம்) லென்ஸ் விளிம்பிலிருந்து ஃபிலிம் வரை 45.46 மில்லிமீட்டர் தூரம் தேவை, நடுவில் பிம்பத்தை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும் கண்ணாடி ஒன்று ஏறி இறங்க இடம் வேண்டுமே, அதற்காக. மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி இல்லை. சோனி இ மவுண்டில் அந்தத் தூரம் 18 மில்லிமீட்டர், கேனான் ஆர்எஃபில் 20. மிச்சத் தூரத்தை நிரப்ப ஒரு வெற்றுக் குழாய் போதும், அதுதான் அடாப்டர். உள்ளே லென்ஸ் கண்ணாடியும் கிடையாது, மின்சாரமும் கிடையாது.

ஆட்டோஃபோகஸ் இல்லாத அந்த லென்ஸில்தான் நான் ஃபோகஸ் செய்யவே கற்றேன். புது லென்ஸ்கள் பலவற்றில் ஃபோகஸ் வளையம் வெறும் எலெக்ட்ரானிக் திருகி. வேகமாகத் திருப்பினால் ஒரு தூரம் போகும், மெதுவாகத் திருப்பினால் வேறு தூரம், எங்கே நிற்கிறோம் என்று கைக்குத் தெரியாது. ஹீலியோஸில் வளையத்தைத் திருப்பினால் கண்ணாடி நகர்கிறது, தூரம் மீட்டரில் பொறித்தே இருக்கிறது, ஒரு துண்டு டேப்பை ஒட்டிப் பேனாவால் கோடு போட்டால் அடுத்த முறையும் அதே கோட்டில் அதே இடம் தெளிவாக நிற்கும். அதோடு இந்த 44-2 மாடலில் வாயைத் திறந்து மூடும் அப்பர்ச்சர் வளையம் கிளிக் கிளிக்கென்று தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும், வீடியோ ஓடும்போதே வெளிச்சத்தை நைசாகக் கூட்டிக் குறைக்கலாம். யாரோ எழுபதுகளில் ஃபோட்டோவுக்காகச் செய்தது.

ஒரே குறை, உள்ளே எட்டுக்கால் பூச்சி வலை பின்னியது போல ஃபங்கஸ். இத்தனை வருடம் பரணில் தோல் பைக்குள் இருந்தால் வேறு என்ன வரும்? தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், இருட்டும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், லென்ஸின் மேல் பூச்சையே அரித்துவிடும். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும், பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் கடையிலேயே பார்க்க வேண்டும். நன்றாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று, 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். லென்ஸில் போட்ட பணத்தோடு ஒப்பிட்டால் இது சொற்பம்.

இன்று யாராவது முதல் லென்ஸ் கேட்டால், எதையும் வாங்காதே என்கிறேன். திட்டு வாங்கிய அந்தக் கிட் லென்ஸை 35-இல் வைத்து, ஜூம் வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிட்டு ஒரு வாரம் எடு. அடுத்த வாரம் 24-இல் ஒட்டு. அதற்கடுத்து 50. எந்த வாரம் சுவரில் முட்டிக்கொள்ளாமல் போனதோ அந்த எண்ணில் வாங்கு. கல்யாண வீடியோ எடுக்க வேண்டுமென்றால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார். மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டியதும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அட்சதையோடு எழுந்து நிற்பார்கள். பின்னாலிருந்து கேண்டிட் எடுக்கிறேன் என்று 85 வைத்துக்கொண்டு நின்றால் சித்தப்பாவின் முதுகுதான் ஷார்ப்பாக வரும், மணவறைக்குப் பக்கவாட்டில் ஜூமோடு நிற்கிற ட்ரெடிஷனல் வீடியோகாரரை யாரும் மதிப்பதில்லை, ஆனால் தாலி அவர் ஃபிரேமில்தான் இருக்கும்.

அடுத்த லீவில் சொதியை மறுபடி எடுத்தேன். கிட் லென்ஸ், 24-இல் டேப், எஃப் 5.6. இரண்டு மீட்டரில் அகலம் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, உயரம் 1.1 மீட்டர். அம்மாவின் உச்சந்தலையும் வருகிறது, சட்டியும் வருகிறது, சிலிண்டர் வரவில்லை. ஃபோகஸை சட்டியின் விளிம்பில் கையால் வைத்துப் பூட்டிவிட்டேன். ஜன்னல் பக்கத் துணியைக் கழற்றியதில் வெளிச்சமும் பக்கவாட்டிலிருந்து வந்தது. முதல் பால் விழுந்தது, வெள்ளையில் வெள்ளை சுழன்றதுகூடத் தெரிகிறது. பின்னணி உருகவில்லை, காலண்டரில் தேதி வாசிக்கலாம்.

கேமராவுக்குச் சரியான இடம் அடுப்படி வாசல் என்று கண்டுபிடித்து ட்ரைபாடை அங்கே வைத்திருந்தேன். பால் ஊற்றி முடிந்ததும் அம்மா கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னது வீடியோவின் கடைசியில் இருக்கிறது, அதை நான் வெட்டவில்லை: "வழிய மறிச்சிக்கிட்டு நிக்காதல, எல போடணும்."